பூச்சியம் காட்டிய கிளை: பிந்தி வரும் அழைப்புப் பதிவுகளை என்ன செய்வது?

ஒரு சிறுகடன் நிறுவனத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். தலைமை அலுவலகம் மட்டக்களப்பு நகரில். வாகரை, களுவாஞ்சிகுடி, அக்கரைப்பற்று, பொத்துவில் என்று கிளைகள். ஒவ்வொரு கிளையிலும் ஒரு சின்னப் பெட்டி. அதற்குள் அஸ்டெரிஸ்க் போன்ற ஒரு தொலைபேசி மென்பொருள். கோல் ஒன்று வந்து முடிந்ததும் அது ஒரு வரி, அதாவது ஓர் அழைப்புப் பதிவு, எழுதும்: யார் எடுத்தார், யாருக்கு எடுத்தார், எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம். அந்த வரிகள் இணையம் வழியாக மட்டக்களப்பில் இருக்கும் தரவுத்தளத்துக்குப் போய்ச் சேர வேண்டும்.

மார்கழி மழையில் வாகரைப் பக்கம் பைபர் அறுந்துவிடுகிறது. இணையம் இல்லை. ஆனால் பெட்டியோடு, கோல்களைக் கைத்தொலைபேசி வலையமைப்பு வழியாக இணைக்கும் சிம் போட்ட கேட்வே ஒன்றும் இருப்பதால் கோல்கள் நிற்கவில்லை. சொல்லப்போனால் வழமையைவிடக் கூடுகின்றன. தவணை கட்ட வர முடியாது, வெள்ளம் வடியும்வரை பொறுப்பீர்களா, கிளை திறந்திருக்கிறதா என்று ஆட்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். எல்லா வரிகளும் கிளைப் பெட்டிக்குள்ளேயே குவிகின்றன. இணைப்பு திரும்புவதற்குள் மாதம் முடிந்து, அறிக்கை அச்சாகி, கூட்டமும் நடந்து முடிந்துவிட்டது. அறிக்கையில் அந்தக் கிழமைக்கு வாகரைக்கு நேரே பூச்சியம். "அங்க ஒருத்தரும் கோல் எடுக்கல்ல போல" என்று யாரோ சொல்ல, அந்தக் கிளை கேட்டிருந்த இன்னொரு உத்தியோகத்தர் பதவி அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போகிறது.

அப்புறம் இணைப்பு வருகிறது. குவிந்த வரிகள் ஒரேயடியாக உள்ளே பாய்கின்றன. அவற்றை என்ன செய்வது? அச்சான அறிக்கையை மாற்றுவதா, இந்த மாதக் கணக்கில் போடுவதா? சில வரிகள் இரண்டு தடவை வந்திருந்தால்?

பல இடங்களில் இதை ஒரு கோளாறாகத்தான் பார்க்கிறார்கள். லைன் அறுந்ததால் பதிவு பிந்தியது, லைன் சரியானதும் பிரச்சினையும் தீர்ந்தது என்று விட்டுவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பிந்தி வருவது அழைப்புப் பதிவின் இயல்பு. வானம் வெளித்திருக்கும் நாளிலும் அது பிந்தித்தான் வருகிறது. நம் கண்ணுக்குப் படுவதில்லை, அவ்வளவுதான். தரவுத்தளத்தை அமைக்கும் நாளிலேயே இதற்கு இடம் வைக்காவிட்டால், பிறகு வெள்ளம் வரும்போதெல்லாம் கையால் திருத்திக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

கோல் முடிந்த பிறகுதான் வரி

அழைப்புப் பதிவில் பேச்சு இருக்காது. எடுத்த எண், எடுக்கப்பட்ட எண், தொடங்கிய நேரம், மறுபக்கம் பதில் சொன்ன நேரம், முடிந்த நேரம், எப்படி முடிந்தது என்பவைதான் இருக்கும். கைத்தொலைபேசி நிறுவனத்தின் பதிவு என்றால் எந்தக் கோபுரப் பகுதி, எந்த சிம், எந்தக் கைபேசி என்ற அடையாளங்களும் சேரும். ஒன்றைக் கவனியுங்கள். நீளத்தை எழுத வேண்டுமானால் கோல் முடிந்தாக வேண்டும். ஆகவே ஒவ்வொரு பதிவும் குறைந்தது தன் நீளத்தின் அளவுக்காவது பிந்தியே பிறக்கிறது.

இது சும்மா வார்த்தை விளையாட்டு மாதிரித் தெரியலாம். ஒரு காலைப்பொழுதை எடுத்துப் பார்ப்போம்.

10:00 மணிக்குக் களுவாஞ்சிகுடிக் கிளைக்கு ஒரு வாடிக்கையாளர் எடுக்கிறார். கணக்கில் ஏதோ சிக்கல். பேச்சு 45 நிமிடம் இழுபடுகிறது. இடையில் 10:20க்கு இன்னொருவர் எடுத்து 2 நிமிடத்தில் வைத்துவிடுகிறார். இரண்டாவது கோலின் வரி 10:22க்கு எழுதப்படுகிறது, முதலாவதின் வரி 10:45க்கு. வரிகளைத் தலைமை அலுவலகத்துக்கு இழுத்துவரும் புரோகிராம் அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை ஓடுகிறது. 10:30க்கு ஓடும்போது அதற்குக் கிடைப்பது 10:20 கோல் மட்டும். 'கடைசியாக எடுத்தது 10:20' என்று குறித்துக்கொள்கிறது. 11:00 மணிக்குத் திரும்ப வந்து அது கேட்கும் கேள்வி: 10:20க்குப் பிறகு தொடங்கிய கோல்கள் எவை? 10:00 மணிக்குத் தொடங்கிய நீண்ட கோல் அந்தக் கேள்விக்குள் அகப்படாது. நாளைக்கும் அகப்படாது, அடுத்த மாதமும் அகப்படாது.

இதில் லைன் அறவில்லை, கரண்ட் போகவில்லை, ஒரு பிழைச் செய்தியும் வரவில்லை. ஆனாலும் ஒரு வரி தொலைந்துவிட்டது. தொலைவதும் கண்டபடி அல்ல. பெரும்பாலும் நீண்ட கோல்கள்தான் தொலையும். அறிக்கையில் சராசரிப் பேச்சு நேரம் குறைந்து காட்டும், ஊழியர்கள் சுறுசுறுப்பாக வேலை செய்கிறார்கள் என்று மேலிடம் மகிழும். அஸ்டெரிஸ்க்கின் வழமையான அட்டவணையில் திகதிக்கென்று இருக்கும் நிரல் (மேலிருந்து கீழாக ஓடும் பத்தி) கோல் தொடங்கிய நேரத்தைத்தான் வைத்திருக்கிறது. அதை வைத்து 'இதற்குப் பிறகு வந்தவை' என்று கேட்பது யாருக்கும் இலகுவாகத் தோன்றும் வழி. அதனால்தான் இந்தப் பிழை ஊருக்கு ஊர் திரும்பத் திரும்பப் பிறக்கிறது.

சரி, தொடங்கிய நேரத்தை விட்டுவிட்டு, வரி எழுதப்படும்போது தரவுத்தளம் தானாகக் கொடுக்கும் தொடர் எண்ணைப் பிடித்துக்கொண்டு போகலாமா? போகலாம், நிலைமை நிறையத் திருந்தும். ஆனால் அதிலும் ஒரு சின்ன ஓட்டை உண்டு. ஒரே நேரத்தில் இருவர் எழுதினால், 501ஐப் பெற்றவர் எழுதி முடிக்குமுன் 502ஐப் பெற்றவர் முடித்துவிடலாம். அந்தக் கணத்தில் வாசிக்கும் புரோகிராம் 502ஐப் பார்த்து முன்னே நகர்ந்துவிட்டால் 501 விடுபட்டுப்போகும். ஆகவே நான் நம்புவது ஒரு மந்தமான முறையை: ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் பின்னே போய், ஏற்கெனவே வாசித்ததையும் சேர்த்து மறுபடி வாசிப்பது, உள்ளே இருப்பதைத் தள்ளிவிட்டுப் புதியதை மட்டும் எடுப்பது. இதைச் செய்ய வேண்டுமானால் ஒரு வரி புதியதா பழையதா என்று சந்தேகமில்லாமல் சொல்லத் தெரிய வேண்டும். அதைக் கீழே பார்ப்போம்.

நடந்த நேரம், வந்த நேரம்

அடிப்படையான மருந்து ஒன்றுதான். ஒவ்வொரு வரிக்கும் இரண்டு நேரம் வேண்டும்: கோல் நடந்த நேரம், வரி நம்மிடம் வந்து சேர்ந்த நேரம். முந்தாநாள் கொடுத்த சீனியை இன்றைக்குக் கடன் கொப்பியில் ஏற்றும் கடைக்காரர், இன்றைய பக்கத்தில் எழுதினாலும் முந்தாநாள் திகதியையும் பக்கத்தில் போடுவார். நம் அட்டவணைகளில் பல அந்தக் கடைக்காரர் அளவுக்குக்கூடக் கவனமாக இல்லை. 2015இல் கூகுளிலிருந்து வெளிவந்த டேட்டாஃப்ளோ ஆய்வுக்கட்டுரை இந்த இரு நேரங்களையும் பிரித்து வைத்து, 'இந்த நேரம் வரையானது பெரும்பாலும் வந்துவிட்டது' என்று மதிப்பிடும் ஒரு கோட்டையும் பிந்தியதை ஏற்கும் விதிகளையும் ஒழுங்காகப் பேசியது. நம் நாலு கிளைக்கு அவ்வளவு பெரிய இயந்திரம் தேவையில்லை. கூடுதலாக ஒரு நிரல் போதும். அந்த நிரலைக் கிளைப் பெட்டி நிரப்பக்கூடாது. தலைமை அலுவலகத் தரவுத்தளம் தன் கடிகாரத்தைப் பார்த்துத் தானே நிரப்ப வேண்டும்.

இரண்டையும் கழித்துப் பார்த்தால், எந்தக் கிளை வழமையாக எவ்வளவு பிந்துகிறது என்பது உங்கள் சொந்த எண்ணாகவே கிடைத்துவிடும். எத்தனை நாள் பொறுத்து அறிக்கை எடுப்பது என்பதை அதை வைத்தே தீர்மானிக்கலாம்.

பிந்துவதற்கான காரணங்களை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். அஸ்டெரிஸ்க்கில் வரிகளைக் கட்டுக்கட்டாக எழுதும் முறையை இயக்கினால், மாதிரி அமைப்பில் உள்ளபடி 100 வரி சேரும்வரை அல்லது 300 செக்கன் கழியும்வரை காத்திருக்கும். அதற்குள் பெட்டி திடீரென்று நின்றால் நினைவகத்தில் இருந்த வரிகள் போய்விடும். பழைய பிஏபிஎக்ஸ் பெட்டிகள் (அலுவலகத்துக்குள் கோல்களை இணைத்துவிடும் கருவிகள்) தொடர்முனை வயர் ஒன்றின் வழியாக வரிகளை வெளியே தள்ளும். மறுமுனையில் கணினி நின்றிருந்தால் தம்மிடம் உள்ள சிறு இடத்தில் சேமித்து வைக்கும், அது நிரம்பினால் அவ்வளவுதான். புதிய எண் வரிசை ஒன்று அறிமுகமாகி நம் அட்டவணையில் இல்லாவிட்டால் வரி நிராகரிக்கப்பட்டு, யாரோ பார்க்கும்வரை ஒரு மூலையில் கிடக்கும். கைத்தொலைபேசி வலையமைப்பில் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். கோபுரம் விழுந்தால் கோல் எடுக்க முடியாது; ஆனால் பதிவு எழுதப்படுவது கோபுரத்தில் அல்ல, மைய சுவிட்சில். ஆகவே கோபுரத்துக்குக் கரண்ட் இல்லாததால் பதிவு பிந்தியது என்று யாராவது சொன்னால் கொஞ்சம் தள்ளி நின்று கேளுங்கள்.

கடிகாரமே பிழைத்தால்

பிந்தி வந்தாலும் நேரம் சரியாக இருந்தால் வரியை அதன் இடத்தில் வைத்துவிடலாம். நேரமும் பிழைத்து, பிந்தியும் வந்தால்தான் தலையிடி. நம் பகுதியில் இரண்டும் சேர்ந்தே வருவதற்கு நியாயமான காரணம் இருக்கிறது: மழை கரண்ட்டையும் இணைப்பையும் ஒன்றாகவே கொண்டுபோகிறது. மழை இல்லாவிட்டாலும், 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது; 2025 பெப்ரவரி 9 ஞாயிறு முழு நாடுமே இருண்டது.

கிளையில் ராஸ்பெரி பை போன்ற மலிவான சிறு கணினிப் பலகையில் தொலைபேசி மென்பொருளை ஓட்டுகிறவர்கள் உண்டு. சாதாரணக் கணினியில் இருப்பதுபோல் கரண்ட் இல்லாதபோதும் ஓடும் கடிகாரம் அந்தப் பலகைகளில் இல்லை. 5ஆம் பதிப்பில்தான் கடிகாரம் வந்தது, அதற்கும் பற்றரியை நாமே வாங்கிப் போட வேண்டும். பழைய பலகைகளில் மென்பொருள் ஒரு தந்திரம் செய்கிறது. அவ்வப்போது நேரத்தை ஒரு கோப்பில் எழுதி வைத்து, மீண்டும் எழும்பும்போது அந்த நேரத்திலிருந்தே எண்ணத் தொடங்குகிறது. இணையம் இருந்தால் சில செக்கன்களில் சரியான நேரத்தைக் கேட்டுத் திருத்திக்கொள்ளும். இணையம் இல்லாவிட்டால்?

பகல் 12:40க்குக் கரண்ட் போகிறது. கடைசியாக எழுதிய நேரம் 12:17. பிற்பகல் 4:00 மணிக்குக் கரண்ட் வருகிறது, பைபர் வரவில்லை. பெட்டி தன் நேரம் 12:17 என்று நினைத்துக்கொண்டு எழும்புகிறது. 4:10க்கு வந்த கோல் 12:27 என்று பதியப்படுகிறது. அதே 12:27க்கு, கரண்ட் போகுமுன், உண்மையாகவே வேறொரு கோலும் நடந்திருக்கலாம். மறுநாள் இணைப்பு வந்ததும் கடிகாரம் ஒரே தாவில் முன்னே பாய்கிறது. அந்த நேரத்தில் யாராவது பேசிக்கொண்டிருந்தால் 3 நிமிடக் கோல் 3 மணித்தியாலம் 46 நிமிடக் கோலாகப் பதியவும் கூடும். மாத இறுதியில் அந்த ஒற்றை வரியைப் பார்த்துவிட்டு ஊழியரைக் கூப்பிட்டு விசாரிப்பார்கள் என்பதுதான் என் கவலை.

இதைப் பிடிக்க ஒரு வழி இருக்கிறது. ஒரே கிளையிலிருந்து வரிகள் எழுதப்பட்ட ஒழுங்கில் பார்த்தால், முடிந்த நேரம் எப்போதும் முன்னோக்கியே போக வேண்டும். சட்டென்று பின்னே விழுந்தால் அங்கே கடிகாரம் விழுந்திருக்கிறது. அந்த இடத்திலிருந்து கடிகாரம் திருந்திய இடம் வரை உள்ள வரிகளுக்கு ஒரு குறி போடலாம். கடிகாரம் எவ்வளவு தாவியது என்பதைப் பெட்டி எழுதி வைத்திருந்தால் சரியான நேரத்தையும் கணிக்கலாம். ஆனால் கணித்ததைப் பழைய நேரத்தின் மேல் எழுதக்கூடாது. பக்கத்தில் வேறொரு நிரலில் வைக்க வேண்டும். இதற்கெல்லாம் முன்னால், நாணயப் பற்றரி போட்ட கடிகாரத் துண்டு ஒன்றை வாங்கிப் பலகையில் செருகிவிடுவது நல்லது. அது மிகவும் மலிவு.

உள்ளூர் நேரத்தில் பதிவதும் ஒரு பொறி. இலங்கைக்குப் பகலொளி நேர மாற்றம் கிடையாது, நமக்கு அந்தச் சோலி இல்லை என்பார்கள். இப்போது இல்லை, உண்மைதான். ஆனால் 1996 மே 25 அன்று கடிகாரம் ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளப்பட்டது. அதே வருடம் ஒக்டோபர் 26 அன்று அரை மணித்தியாலம் பின்னே வந்தது. 2006 ஏப்ரல் 15 அன்று மிச்ச அரை மணித்தியாலமும் பின்னே வந்து, உலகப் பொது நேரத்தைவிட 5:30 மணித்தியாலம் முன்னே நிற்கும் பழைய நேரத்துக்குத் திரும்பினோம். புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகள் இந்த மாற்றங்களை ஏற்கவில்லை. ஆகவே அந்தப் பத்து வருடமும் மட்டக்களப்பு வாவியின் கிழக்குப் பக்கமான எழுவான்கரையில் ஒரு நேரமும் மேற்குப் பக்கமான படுவான்கரையின் பல ஊர்களில் இன்னொரு நேரமும் ஓடின. 'பழைய நேரமா புதிய நேரமா' என்று கேட்டுக்கொண்டு வாழ்ந்த ஊர் இது.

2006இல், சித்திரைப் புத்தாண்டு கழிந்த கையோடு, 15ஆம் திகதி அதிகாலை 12:30க்குக் கடிகாரம் மறுபடி 12:00 ஆனது. அந்த அரை மணித்தியாலம் இரண்டு தடவை வந்தது. உள்ளூர் நேரத்தில் மட்டும் எழுதிய '12:15' என்ற பதிவு முதலாவது 12:15ஆ இரண்டாவது 12:15ஆ என்று இனி எவராலும் சொல்ல முடியாது. உலகப் பொது நேரத்தில் எழுதியிருந்தால் இந்தக் கேள்வியே வராது. சேமிப்பது பொது நேரத்தில், திரையில் காட்டும்போது மட்டும் கொழும்பு நேரத்துக்கு மாற்றுவது. அதற்கான வரலாற்று மாற்றங்கள் எல்லாம் கணினிகளில் இருக்கும் நேர வலயக் கோப்பிலேயே உண்டு.

ஒரே வரி இரண்டு தடவை வந்தால்

இணைப்பு ஆடிக்கொண்டிருக்கும்போது கிளைப் பெட்டி வரிகளை அனுப்பும். தலைமை அலுவலகம் ஏற்றுக்கொள்ளும். 'கிடைத்தது' என்ற பதில் மட்டும் வழியில் தொலைந்துவிடும். கிளை மறுபடி அனுப்பும். இதைத் தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. இழப்பதைவிட இரண்டு தடவை வருவது மேல். வாங்குகிற பக்கம் இரண்டாவதைத் தள்ளிவிடத் தெரிந்திருந்தால் போதும். போஸ்ட்கிரஸ் என்ற தரவுத்தள மென்பொருளில் 2016 தொடக்கத்தில் வந்த 9.5ஆம் பதிப்பிலிருந்து, ஏற்கெனவே உள்ள வரியோடு மோதினால் ஒன்றும் செய்யாதே என்று சொல்லி ஒரு வரியைச் செருகலாம். மைஎஸ்கியூஎல் என்ற இன்னொரு தரவுத்தள மென்பொருளிலும் அதற்கு ஒரு வழி உண்டு.

மோதுகிறதா என்று எதை வைத்துப் பார்ப்பது என்பதில்தான் சறுக்குகிறார்கள். அஸ்டெரிஸ்க் ஒவ்வொரு கோலுக்கும் ஒரு தனி அடையாள எண் தருகிறது என்று அதை மட்டும் வரியை இனங்காணும் சாவியாக வைத்தால் இரண்டு வகையில் இடிபடும். முதலாவது, ஒரு கோலை இன்னொரு மேசைக்கு மாற்றிவிட்டால் ஒரே அடையாள எண்ணோடு ஒன்றுக்கு மேற்பட்ட வரிகள் வரலாம். அவற்றைப் பிரிக்க வரிசை எண் என்ற இன்னொரு புலம் இருக்கிறது, அதையும் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் உண்மையான வரியை நகல் என்று நினைத்துத் தள்ளிவிடுவோம். இரண்டாவது, அந்த அடையாள எண் உண்மையில் செக்கனில் எண்ணிய நேரமும் ஒன்றொன்றாகக் கூடிக்கொண்டு போகும் ஒரு எண்ணியும்தான். வாகரையும் பொத்துவிலும் ஒரே செக்கனில் ஒரே எண்ணை உருவாக்கலாம். ஒவ்வொரு பெட்டிக்கும் அமைப்பில் ஒரு பெயர் கொடுத்துவிட்டால் அது எண்ணின் முன்னால் ஒட்டிக்கொள்ளும், மோதல் போய்விடும். மேலே சொன்னபடி கடிகாரம் பின்னே விழும் பெட்டியில் அதே எண் மறுபடி பிறக்கும் சாத்தியமும் இருக்கிறது. அதனால் எடுத்த எண், எடுக்கப்பட்ட எண், நீளம் ஆகியவற்றையும் ஒருதடவை ஒப்பிட்டு, அடையாளம் ஒன்று, உள்ளடக்கம் வேறு என்றால் தனியே ஒதுக்கி வைப்பது நல்லது.

பூச்சியமும் மௌனமும்

வாகரைக்கு நேரே விழுந்த பூச்சியம்தான் எனக்கு எல்லாவற்றையும்விட அதிகமாக உறுத்துவது. கோல் வராத கிளையும் வரி வராத கிளையும் தரவுத்தளத்தின் கண்ணுக்கு ஒன்றே. இரண்டுக்கும் அட்டவணையில் எதுவும் இல்லை, எண்ணிப் பார்த்தால் பூச்சியம்.

இதைப் பிரிக்க ஒரே வழி, கோல் இல்லாதபோதும் கிளை ஏதாவது சொல்ல வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை 'நான் இருக்கிறேன், இதுவரை எழுதிய கடைசி வரி இத்தனையாவது' என்று ஒரு சிறு செய்தி போதும். பெரிய தொலைபேசி நிறுவனங்களில் சுவிட்சிலிருந்து வரும் பதிவுக் கோப்புகளுக்குத் தொடர் எண் இருப்பதும் இதற்காகத்தான்: 417 வந்து 419உம் வந்துவிட்டால் 418 எங்கே என்று உடனே கேட்கலாம். கோல் எதுவும் நடக்காத நேரத்திலும் வெறும் கோப்பு ஒன்று அதன் எண்ணோடு வந்தால் மௌனத்துக்கும் பூச்சியத்துக்கும் வித்தியாசம் தெரியும்.

இந்தத் தகவல் கையில் இருந்தால் அறிக்கையில் வாகரைக்கு நேரே பூச்சியத்துக்குப் பதில் 'டிசம்பர் 24க்குப் பிறகு தகவல் இல்லை' என்று அச்சடிக்கலாம். அழகான அட்டவணையில் அந்த வாசகம் அசிங்கமாகத்தான் இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும்.

காசு கலந்தால் ஒழுங்கு முக்கியம்

இதுவரை பேசியது எண்ணிக்கை பற்றி. எண்ணிக்கைக்கு வரிகள் எந்த ஒழுங்கில் வந்தாலும் கூட்டுத்தொகை ஒன்றே; பிந்தியது வந்ததும் அந்தக் கோல் நடந்த மணித்தியாலத்தை மட்டும் மறுபடி கூட்டிவிட்டால் சரி. கட்டணம் அப்படி அல்ல.

மாதத்துக்கு 100 நிமிடம் இலவசம், அதற்குப் பிறகு சொந்த வலையமைப்புக்கு நிமிடம் 1 ரூபாய், வேறு வலையமைப்புக்கு 2 ரூபாய் என்று வைப்போம். ஒருவர் 90 நிமிடம் பேசி முடித்துவிட்டார். 28ஆம் திகதி வேறு வலையமைப்புக்கு 10 நிமிடம் பேசுகிறார். 29ஆம் திகதி சொந்த வலையமைப்புக்கு 10 நிமிடம். 28ஆம் திகதிப் பதிவு பிந்திவிட, 29ஆம் திகதிப் பதிவு முதலில் வந்து மிச்ச இலவச நிமிடங்களை எடுத்துக்கொள்கிறது. பிறகு வந்த 28ஆம் திகதிக் கோலுக்கு 20 ரூபாய். நடந்த ஒழுங்கில் கணக்குப் பார்த்திருந்தால் 28ஆம் திகதிக் கோல் இலவசம், 29ஆம் திகதிக் கோலுக்கு 10 ரூபாய் மட்டும். இரண்டும் அதே கோல்கள்தான். பிந்தியது நிறுவனத்தின் பதிவு, கூடுதல் 10 ரூபாயைக் கட்டுவது வாடிக்கையாளர். இப்படியான இடத்தில் அந்த வாடிக்கையாளரின் அந்த மாதக் கணக்கை முழுவதும் பின்னோக்கிப் போய் மறுபடி போடுவதுதான் நேர்மை. எல்லோருக்கும் எப்போதும் அப்படிச் செய்வது சேர்வருக்குச் சுமை என்பதால், குறைந்தது இலவச எல்லையைத் தாண்டியவர்களுக்காவது செய்யலாம்.

ரீலோட் போடுகிறவர்களுக்கு இந்தச் சிக்கல் குறைவு. அவர்களுடைய காசு கோல் நடக்கும்போதே துண்டு துண்டாகக் கழிக்கப்படுகிறது, பதிவுக்காகக் காத்திருப்பதில்லை. அங்கே வருவது வேறு முறைப்பாடு: காசு வெட்டுப்பட்டிருக்கிறது, பட்டியலில் கோலைக் காணவில்லை. பெரும்பாலும் பதிவு இன்னும் வந்து சேராததுதான் காரணம்.

மாத பில்லில் இருப்பவர் வெளிநாடு போய் ரோமிங்கில் பேசினால் பிந்துதல் இன்னும் நீளும். கட்டாரிலோ சவூதியிலோ இறங்கி ஊர் எண்ணிலேயே பேசுகிறவரின் பதிவு அந்த நாட்டு நிறுவனத்தில் பிறந்து, ஒரு பொது வடிவத்துக்கு மாறி, இடையில் ஒரு கணக்குத் தீர்க்கும் நிறுவனத்தைத் தாண்டி இங்கே வர வேண்டும். இந்த இடைவெளியைப் பயன்படுத்தி மோசடி நடந்ததால், அதிகம் பேசுகிறவர்கள் பற்றிய அறிக்கை 36 மணித்தியாலத்துக்குள் வர வேண்டும் என்று கைத்தொலைபேசி நிறுவனங்களின் உலகச் சங்கத்தில் முன்பு ஒரு விதி இருந்தது. 2008 ஒக்டோபரிலிருந்து அது 4 மணித்தியாலமாகச் சுருங்கியது. ஆக, பெரிய நிறுவனங்களும் பிந்துதலை இல்லாமலாக்கவில்லை. அதற்கு ஓர் எல்லை குறித்தன.

விலை மாறும் நாள்களும் கவனிக்க வேண்டியவை. 2024 ஜனவரி 1 அன்று வற் வரி 15இலிருந்து 18 வீதமானது. டிசம்பர் 31 இரவு பேசி ஜனவரி 2 வந்து சேர்ந்த பதிவுக்குக் கட்டணம் எந்தத் திகதியில், வற் எந்தத் திகதியில் என்பவை இரண்டு வேறு கேள்விகள். விதியைச் சொல்ல வேண்டியவர் கணக்காளர். இரண்டு திகதியும் பதிவில் இருந்தால்தான் அவர் சொல்லும் விதியைச் செயற்படுத்தலாம்.

கணக்கை எப்போது மூடுவது

இந்தத் தீர்மானத்தைக் கணினிப் பிரிவின் தலையில் கட்டிவிடுவது நம் அலுவலகங்களின் பழக்கம். அது பிழை. இப்போது வரிசையில் எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்று பார்க்கும் மேற்பார்வையாளருக்குப் பிந்திய பதிவு தேவையே இல்லை. நேற்றைய அறிக்கை பார்ப்பவர் மறுநாள் எண் கொஞ்சம் கூடினால் பொறுத்துக்கொள்வார், 'இதுவரை வந்தது' என்று மேலே எழுதியிருந்தால். பில் அனுப்பியாகிவிட்டால் அதைத் தொடக்கூடாது. பிந்தியது அடுத்த பில்லில், கோல் நடந்த திகதியோடு, தனி வரியாக வர வேண்டும். ஆக ஒரே பதிவுக்கு மூன்று விதமான பொறுமை தேவைப்படுகிறது. எத்தனை நாள் என்பதை அந்தந்தப் பிரிவுப் பொறுப்பாளர் எழுத்தில் தர வேண்டும். மழைக்காலத்துக்கு ஒரு எண், மற்றக் காலத்துக்கு ஒரு எண் என்று வைத்தாலும் தப்பில்லை.

பொலிஸ், நீதிமன்றம் என்று போனால் இந்தக் கறார் இன்னும் அவசியமாகிறது. 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க சாட்சிய (விசேட ஏற்பாடுகள்) சட்டத்தின் கீழ் கணினியில் பிறந்த ஆவணத்தையும் சாட்சியமாக முன்வைக்கலாம். ஆனால் கணினி ஒழுங்காக இயங்கியது என்று காட்ட வேண்டிவரும். டிசம்பர் 28 கோல் ஜனவரி 4 அன்று ஏன் அட்டவணையில் ஏறியது என்று எதிர்த்தரப்பு கேட்டால், வந்த நேரமும் எந்தக் கோப்பில் வந்தது என்பதும் இருந்தால் பதில் நேரானது. நேரத்தை யாரோ கையால் திருத்தி, பழையதை அழித்துவிட்டிருந்தால் உண்மையான பதிவும் சந்தேகத்துக்குள் போய்விடும்.

கடைசியாக, மிகவும் பிந்தியவை. அழைப்புப் பதிவு தனிப்பட்ட தரவு. தேவைக்கு மேல் வைத்திருக்கக்கூடாது என்பது 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் நிலைப்பாடு. அதனால் அட்டவணையை மாதம் மாதமாகப் பிரித்து, குறித்த காலம் கடந்த மாதத்தை அப்படியே கழற்றி வீசுவார்கள். பிறகு ஒரு நாள் பொத்துவிலில் பழைய பெட்டியை மாற்றும்போது அதன் நினைவட்டையில் இரண்டு வருடத்துக்கு முந்தைய வரிகள் கிடைக்கின்றன. பெட்டி இணைப்பைக் கண்டதும் அவற்றை அனுப்பத் தொடங்குகிறது. அந்த மாதத்துக்கான பிரிவு இப்போது இல்லை. போஸ்ட்கிரஸ் அந்த வரியை ஏற்க மறுக்கும். அதே கட்டில் வந்த இன்றைய நல்ல வரிகளும் அதோடு சேர்ந்து திரும்பிப் போகும். ஒரு பழைய வரியால் இன்றைய கிளை முழுவதும் பிந்திவிடும். 2018இல் வந்த 11ஆம் பதிப்பிலிருந்து, இடமில்லாத வரிகளை ஏற்க ஒரு பொதுப் பிரிவு வைக்கலாம். வைத்தால் அடைப்பு நீங்கும். ஆனால் மாதம் மாதமாகக் கழற்றும் வேலை அந்தப் பொதுப் பிரிவைத் தொடாது. வீசியிருக்க வேண்டிய வரிகள் அங்கேயே தங்கிவிடும். ஆகவே பொதுப் பிரிவில் விழுவதை மாதத்துக்கு ஒருமுறை திறந்து பார்த்து, வைத்திருக்க வேண்டியதை உரிய இடத்துக்கு நகர்த்தி மற்றதை அழிக்கும் வேலையை, பெயர் குறிப்பிட்டு ஒருவரிடம் ஒப்படைக்க வேண்டும்.